முன்னச்சு

1934 ஆகஸ்டு 14, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் இரண்டு மணி. அருமனைச் சந்தைக்கு வடக்கே உள்ள மோட்டார் பட்டறையில், பின்சக்கரங்கள் மட்டும் இழுக்கும்படி செய்யப்பட்ட ஒன்றரை டன் லாரி ஒன்று, நான்கு சக்கரங்களும் இழுக்கும்படி மாற்றப்பட்டு, நகராமல் நின்றது.

முன்பக்கத்தில்தான் தப்பு, வேறு எங்கே இருக்க முடியும், என்று அதன் அடியில் மல்லாந்து கிடந்த மேஸ்திரி ஞானையன் காலையிலிருந்து எத்தனையாவது முறையாகவோ நினைத்துக்கொண்டான், நடுவில் இருக்கிற பெட்டி என் வேலை, அதில் தப்பு வராது, முன்னச்சு தங்கச்சி மாப்பிள்ளை செல்வதாஸின் வேலை, அதைத் திறந்தால் தெரிந்துவிடும்… திறந்து, தப்பை ஒரு சாக்கின்மேல் எடுத்து வைத்து, எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினால் போதும், மேஸ்திரி கோபப்பட்டதில் நியாயம் இருக்கிறது என்று அவர்களே சொல்லிவிடுவார்கள், தங்கை தேவகனி அப்படிச் சொல்லமாட்டாள், ஆனால் வாயை மூடிக்கொள்வாள், அது போதும். முன்னச்சின் நடுவில் பல்சக்கரங்களை மூடியிருந்த குண்டுக்கூட்டில் பன்னிரண்டு போல்ட்டுகள். முதல் போல்ட் அசையவில்லை. ஸ்பேனரைக் குதிகாலால் ஓங்கி உதைத்தான். உதைத்த அதிர்வில் அடியில் ஒட்டியிருந்த செம்மண் உதிர்ந்து கண்ணில் விழுந்தது, அதோடு இன்னொன்றும் உதிர்ந்து கன்னத்தில் விழுந்தது, கருத்துக் காய்ந்த ஒரு பொருக்கு, கிரீஸ் என்று விரலால் தேய்த்தான், கிரீஸ் இல்லை. லாரியில் ஏறக் கால் வைக்கிற கால்மிதியில் கிடந்ததை லாரிக்குச் சொந்தக்காரரான மைதீன் கனி முதலாளி நேற்றே இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டார், அடிப்பக்கத்தை யார் கழுவுவார்கள்? எறும்புகள் அங்கே ஒரு கோடு போட்டிருந்தன. நசுக்கினான். மறுபடி கோடு போட்டன.

நேற்று இதே நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் வரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது, இன்ஜின் ஓடியது, முன்னச்சை இணைக்கிற கம்பியை இழுத்தான், கிளச்சை விட்டான், லாரி போகவில்லை… போகாமல் இருந்தால்கூடப் பரவாயில்லை, அது நடுவில் வில்லாக வளைந்து மேலே எழும்பியது, கயிறு இழுக்கும் போட்டியில் இரண்டு பக்கமும் சம பலமாக நின்றால் நடுக்கயிறு நடுங்குமே, அப்படி நடுங்கியது, பின்சக்கரம் முன்னே தள்ள, முன்சக்கரம் பின்னே தள்ள, நடுவில் அவன் இருந்தான். பிறகு ஒரு வெடி. பெட்டியிலிருந்து முன்னச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகிற முன்தண்டு முறிந்து, முறிந்த துண்டு அடியிலிருந்து பறந்து போய்ப் பட்டறைச் சுவரின் மண்ணில் ஒரு முழம் இறங்கி நின்றது, அது ஒரு சாண் இந்தப்பக்கம் வந்திருந்தால் என் வயிறு, என்று நினைத்தானா, அப்போது நினைக்கவில்லை, அப்போது ஒன்றும் நினைக்கவில்லை. ஆசனத்திலிருந்து குதித்தான், ஆசனத்துக்குக் கீழே கிடந்த இரும்பு ஹேண்டில், இன்ஜினைச் சுழற்றி எழுப்புகிற அந்த ஹேண்டில், அது எப்படிக் கைக்கு வந்தது? லாரிக்கு அடியில் குனிந்து எதையோ பார்த்துவிட்டு எழுந்த செல்வதாஸ், முகமெல்லாம் எண்ணெயாக, வலது கையை மேலே தூக்கிக்கொண்டு, "அத்தான்…" என்று எதிரே வந்தான். ஏழு மாதத்தில் அவன் சொன்ன முதல் வார்த்தை. தூக்கிய கை. அந்தக் கைமேல்தான் முதல் அடி விழுந்தது, சிரட்டை உடைகிற சத்தம், இரண்டாவது அடி கால்மிதியின்மேல் கிடந்த அதே கைமேல், மூன்றாவது…? மூன்றாவது உண்டா? முதலாளி வந்து பிடித்துக்கொண்டாரே, பிடித்தது மூன்றாவதற்கு முன்னாலா, பின்னாலா?

போல்ட் அசைந்தது. இரண்டாவது, மூன்றாவது… பஸ்ராவில் இப்படி ஒரு நாளைக்கு நாற்பது போல்ட் கழற்றியிருக்கிறான், யுத்தத்தின்போது, பதினேழாம் வருஷம், பட்டாளத்து ஒர்க்‌ஷாப்பில். அங்கேதான் அந்த லாரியைப் பார்த்தான், முன்சக்கரமும் இழுக்கிற லாரி, மழைச் சேற்றில் வயிறுவரை புதைந்த ஒரு பீரங்கி வண்டியை அது வெளியே இழுத்தது, வண்டியில் பூட்டியிருந்த கோவேறு கழுதையையும் சேர்த்து இழுத்தது, அவிழ்த்துவிட யாருக்கும் தோன்றவில்லை, கழுதையின் கால் வாரோடு ஒரு பக்கமும் உடம்பு ஒரு பக்கமுமாக வந்தது, வெள்ளைக்காரச் சார்ஜென்ட் சிரித்தான், ஞானையனும் சிரித்தான். அந்த லாரி கண்ணிலேயே நின்றது. பதினேழு வருஷம் கழித்து, இந்த ஜூன் மாதம், களியல் பாதையில் உள்ள செம்மண் மேட்டில் முதலாளியின் லாரி மரம் ஏற்றிக்கொண்டு மழையில் வழுக்கிப் பின்னால் வந்ததும், சக்கரத்துக்கு அடைகட்டை வைக்க ஓடிய, மரம் ஏற்றி இறக்குகிற சுமட்டுக்காரன் குமாரதாஸ்மேல் அது ஏறியதும், வைத்த கட்டை நெஞ்சுக்குள் போயிருந்ததும்… அன்றைக்கு முதலாளி கேட்டார், இதுக்கு வல்ல வழியும் உண்டா மேஸ்திரி, இல்லேண்ணா நான் லாரியைக் கடல்ல தள்ளுதேன். உண்டு என்று சொல்லிவிட்டான். நொறுங்கிய ஒரு பஸ்ஸின் பின்னச்சை வாங்கி முன்னால் பூட்ட வேண்டும், திரும்புகிற சக்கரத்துக்குச் சுழற்சி போகும்படி அச்சின் இரண்டு முனையிலும் மூட்டு செய்ய வேண்டும், இழுவையை இரண்டாகப் பங்கிட்டு முன்னுக்கும் பின்னுக்கும் அனுப்ப நடுவில் ஒரு பெட்டி செய்ய வேண்டும். ஒருவனால் ஆகிற வேலை இல்லை. மூட்டு செய்ய இந்தத் தாலுகாவில் செல்வதாஸை விட்டால் ஆள் கிடையாது. தங்கச்சி மாப்பிள்ளை, பத்து வருஷமாக இதே பட்டறை, ஆனால் ஜனவரி மாதத்திலிருந்து பேச்சு இல்லை.

ஜனவரி… நான்காவது போல்ட் பல் தேய்ந்து சுற்றியது, உளியை வைத்துச் சுத்தியால் அடித்தான், தலை தெறித்துப் போனது, போகட்டும். ஜனவரியில் கிறிஸ்தவ சபைக்கூட்டத்தில், திருவிருந்தில் தட்டு ஏந்துகிற டீக்கனுக்குத் தேர்தல், ஞானையன் ஒருவன், தலைமை வாத்தியார் ஜெயசிங் ஒருவன், கை தூக்கித்தான் எண்ணுவார்கள், ஞானையன் தலையைக் குனிந்துகொண்டு பாயைப் பார்த்துக்கொண்டிருந்தான், வீட்டு ஆட்கள் எத்தனை, பட்டறை ஆட்கள் எத்தனை என்று முந்தியே தெரியும், நிமிர்ந்து பார்த்தபோது ஜெயசிங்குக்காகத் தூக்கிய கைகளுக்கு நடுவில் நகமெல்லாம் கருப்பாக ஒரு கை. யாரும் கேட்கவில்லை, ஆனாலும் செல்வதாஸ் எழுந்து நின்று சொன்னான், சத்தமாகக்கூட இல்லை, "கையை அடக்கத் தெரியாதவர் திருவிருந்துத் தட்டை எப்பிடி ஏந்துவாரு? எனக்கு அவரு மேல ஒரு விரோதமும் இல்ல." பெண்கள் பக்கத்தில் ஞானையனின் மனைவி நேசபாய் தலையைத் திருப்பவில்லை, அவளுக்குக் கேட்டிருக்காது, இடதுபக்கக் காது கேட்காது அவளுக்கு, எப்படிக் கேட்காமல் போனது என்று சபையில் எல்லாருக்கும் தெரியும், மூன்று வருஷம் முன்பு, கஞ்சியில் உப்பு… உப்பா? உப்புதான், ஒரே அடிதான், அப்பன் அடிக்காத அடியா, பனங்கருக்கு மட்டையால் முதுகைக் கீறிவிட்டு அதில் உப்பு வைத்த மனுஷன், அவன் டீக்கனாகத்தான் செத்தான், அவனுக்கு யாரும் கை தூக்காமல் இருந்தார்களா? அன்றைக்குச் சாயங்காலம் ஞானையன் பட்டறையின் நடுவில் கரித்துண்டால் ஒரு கோடு போட்டான். இந்தப்பக்கம் நான், அந்தப்பக்கம் அவன்.

கோட்டின் இரண்டு பக்கத்திலும் நின்று ஒரே லாரியைச் செய்தார்கள். கேட்க வேண்டியதை முதலாளி மூலம் கேட்டார்கள், அவர் தேங்காய்ப்பட்டணத்திலிருந்து வாரத்தில் மூன்று நாள் வருவார், வந்ததும் தலையில் அடித்துக்கொள்வார், "எனக்கு லாரி வேணுமா, அஞ்சலாபீசு வேணுமா? முன்னச்சு மாப்பிள்ளைக்கு, பெட்டி மச்சானுக்கு, ரெண்டுக்கும் நடுவுல கடுதாசி சுமக்க நான் ஒருத்தன். சர்க்காரு எனக்கு ஒரு காக்கி உடுப்பும் மணியும் தந்தா நல்லாயிருக்கும்." செல்வதாஸ் சிரிப்பான். அவன் சிரிக்கிற சத்தம் கேட்டால் ஞானையனுக்குக் கையில் இருப்பதை எறியத் தோன்றும்.

எட்டாவது போல்ட்டில் இருக்கும்போது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. முதலாளியின் செருப்பு, இரண்டு வெள்ளைக் கால்கள், லாரிக்குப் பக்கத்தில் வந்து நின்றன.

"மேஸ்திரி, உயிரோட கிடக்கீரா?"

"கிடக்கேன்."

"நான் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வாறேன். அவனுக்க கை கரிக்கட்டை மாதிரி ஆயிப்போச்சு. விரல்ல உணர்ச்சி இல்ல. நாளைக்கும் பாத்துட்டு முடிவு சொல்லுதேம்ணு டாக்டர் சொல்லுதாரு."

ஸ்பேனர் போல்ட்டில் மாட்டியபடி நின்றது. கேட்கக்கூடாது என்று நினைத்தான், கேட்டுவிட்டான். "என்ன பறஞ்சான்?"

"யாரு? அவனா? ஹேண்டில் திருப்பி அடிச்சுட்டுதுண்ணு பறஞ்சான். இன்ஜினை எழுப்பும்போ சில நேரம் அடிக்குமில்லா, அப்பிடி. டாக்டர் அதை எழுதிக்கிட்டாரு. மாசத்துக்கு ஒரு கை இப்பிடி வருது, இந்த மோட்டார் சனியனை எவன் கண்டுபிடிச்சாம்ணு கேட்டாரு."

"நீரு ஒண்ணும் சொல்லல்லியா?"

"நான் என்னத்த ஓய் கண்டேன்? நான் அந்நேரம் சாயா குடிக்கப் போயிருந்தேன். போயிருந்தேனா இல்லியா?" வெள்ளைக் கால்கள் ஒன்றை ஒன்று சொறிந்துகொண்டன. "மலையில எனக்கு மரம் வெட்டிக் கிடக்கு. போலீசு வந்தா லாரியைக் கொண்டுபோய் ஸ்டேஷன்ல நிறுத்துவான், நிறுத்தினா அங்கயே துருப்பிடிக்கும். அதுவுமில்லாம அவனே அப்பிடிப் பறஞ்சா, இடையில நான் யாரு?" கொஞ்சம் நின்றார். "உமக்க தங்கச்சி அங்கதான் கிடக்கா. ஒரு வார்த்தைதான் கேட்டா. எனக்க அண்ணன் வல்லதும் சாப்பிட்டாராண்ணு."

கால்கள் போய்விட்டன. சாப்பிட்டாரா… எப்படிக் கேட்டிருப்பாள்? உண்மையாகக் கேட்டாளா, குத்திக் கேட்டாளா? சின்ன வயதில் அப்பன் அடித்துவிட்டுப் போன பிறகு அவள் வந்து இப்படித்தான் கேட்பாள், அண்ணா சாப்பிட்டியா, கையில் கிழங்கு இருக்கும். அவன் ஏன் ஹேண்டில் என்று சொன்னான்? ஹேண்டில் என்பது பொய்யும் இல்லை, ஹேண்டில்தானே அடித்தது… சிரிப்பு வந்தது, சிரித்ததில் வாய்க்குள் மண் போயிற்று. அவனை யார் காப்பாற்றச் சொன்னார்கள்? கோர்ட்டுக் கச்சேரியில் நிறுத்தியிருந்தால் நான் சொல்லியிருப்பேன், இந்த அச்சைப் பாருங்கள், ஒரு மனுஷன் செத்திருப்பான், அதனால் அடித்தேன் என்று. அதையும் சொல்லவிடாமல் செய்துவிட்டான். மறுபடியும் அடிக்க வேண்டும் போலிருந்தது, நல்ல கையில், இடது கையில்.

பன்னிரண்டாவது போல்ட். கூடு திறந்தது, எண்ணெய் கழுத்தில் வழிந்தது, விளக்கைப் பக்கத்தில் இழுத்து வைத்துப் பார்த்தான், உடனே உடம்பெல்லாம் ஒரு சூடு ஏறியது. கிரவுன் சக்கரம், தண்டிலிருந்து வருகிற சுழற்சியைச் சக்கரத்துக்குத் திருப்பிவிடுகிற அந்தப் பெரிய பல்வட்டம், இடதுபக்கம் இருக்க வேண்டியது வலதுபக்கம் இருந்தது. திருப்பிப் போட்டிருக்கிறான்! திருப்பிப் போட்டால் சக்கரம் எதிராகச் சுற்றும், பட்டறையில் நேற்றுச் சேர்ந்தவனுக்குக்கூடத் தெரியும், ஒரு டாக்டரின் காரில் எவனோ இப்படிப் போட்டுக் கொடுத்து, அது முன்னே போக ஒரு கியர், பின்னே போக மூன்று கியர் என்று ஆகி, அந்தக் காரைச் சரிசெய்ய வந்தபோது செல்வதாஸ்தானே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சொன்னான், "டாக்டர் ஐயாவுக்கு நல்லதாக்கும் அத்தான், பொணத்தைப் பாத்துட்டு முதுகு காட்டாம வீட்டுக்குப் போலாம்." இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து சிரித்தார்களே, எவ்வளவு நேரம்… முதலாளி என்று கத்த வாயைத் திறந்தான். வாரும், வந்து பாரும், சபையில எனக்கு எதிரா சாட்சி சொன்னவனுக்க வேலையைப் பாரும்.

கத்தவில்லை. கூட்டின் உட்புறத்தில் அரத்தின் கீறல்கள் பளபளத்தன. வலதுபக்கம் கிரவுனுக்கு இடம் கிடையாது, உள்ளே ஒரு இரும்புமேடு தடுக்கும், அந்த மேட்டைச் செல்வதாஸ் அரத்தால் ராவி எடுத்திருந்தான், ஒரு நாள் வேலை இல்லை அது, மூன்று நாள், தெரியாமல் திருப்பிப் போடுகிறவன் மூன்று நாள் ராவுவானா? ராவிய இடத்தில் உளியால் ஒரு அம்புக்குறி கொத்தியிருந்தான், சக்கரம் எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்று. தெரிந்துதான் போட்டிருக்கிறான். கெடுக்கவா? கெடுக்கிறவன் அம்புக்குறி போடமாட்டான்… பெட்டியில் இரண்டு பல்சக்கரம் என்று முதல் நாள் தரையில் கரியால் வரைந்து காட்டியது நான்தான், முதலாளிக்குக் காட்டினேன், அவன் கோட்டுக்கு அந்தப்பக்கமிருந்து பார்த்துக்கொண்டு நின்றான். இரண்டு பல்சக்கரம் ஒன்றை ஒன்று கடித்தால் ஒன்று வலம் சுற்றும், மற்றது இடம் சுற்றும். முன்தண்டு எதிராகச் சுற்றும். அப்படியானால் கிரவுனைத் திருப்பினால்தான் முன்சக்கரம் நேராகப் போகும். அவன் போட்டது சரி. அவன் கணக்கில் முழுச் சரி. நானும் அதைக் கண்டுபிடித்தேனே, ஜூலை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிரசங்கத்தின் நடுவில், முன்வரிசையில் ஜெயசிங் டீக்கனாக உட்கார்ந்திருந்த பிடரியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, சட்டென்று தெரிந்தது, முன்தண்டு எதிராகச் சுற்றுமே என்று, திங்கட்கிழமையே பெட்டியைத் திறந்து இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு பல்சக்கரத்தைச் செருகினேன், மூன்றாவது வந்தால் திசை நேராகிவிடும், மூடி போட்டு இறுக்கினேன், யாரிடமும் சொல்லவில்லை, யாரிடம் சொல்ல?

ஒரே தப்பை இரண்டு பேரும் திருத்தியிருக்கிறார்கள். விளக்கின் சூடு காதைச் சுட்டது, அவன் நகரவில்லை. ஜாக்கி வைத்து முன்சக்கரத்தைத் தூக்கிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், எந்தப் பட்டறையிலும் அப்படித்தான் பார்ப்பார்கள், ஒருவன் இன்ஜினைச் சுழற்றுவான், ஒருவன் சக்கரத்துக்கு முன்னால் குந்தியிருந்து முன்னே, பின்னே என்று சத்தம் கொடுப்பான். அதற்கு இரண்டு பேர் வேண்டும், இரண்டு பேரும் பேச வேண்டும். முதலாளிக்கு முன்னே எது பின்னே எது என்று தெரியாது. சரியாகத்தான் இருக்கும் என்று விட்டார்கள், அவன் அவன் வேலையை நம்பினான், நான் என் வேலையை… பிறகு அது நினைவுக்கு வந்தது, வரக்கூடாது என்று காலையிலிருந்து எதைத் தள்ளிக்கொண்டிருந்தானோ அது. போன வியாழக்கிழமை முதலாளி கோட்டைத் தாண்டி வந்து, "மேஸ்திரி, மாப்பிள்ளை ஒண்ணு சொல்லச் சொன்னான், எனக்கு முழுசா விளங்கல்ல, கிரவுனாக்கும் திருப்பு…" என்றதும், இவன் சுத்தியைத் தரையில் அடித்ததும், "எனக்கு ஒண்ணும் கேக்கண்டாம் முதலாளி, அவனுக்க வேலையை அவன் பாக்கட்டு," என்றதும், அவர் தோளைக் குலுக்கிக்கொண்டு, "அப்ப கடுதாசி திருப்பி அனுப்பியாச்சு," என்று போனதும். நேற்று செல்வதாஸ் அடியில் குனிந்து என்ன பார்த்தான்? வெடித்ததில் பெட்டியின் மூடி விலகியிருந்தது, உள்ளே மூன்று பல்சக்கரம் தெரிந்திருக்கும். தெரிந்துதான் எழுந்து வந்தானா? அத்தான் என்றான். கை தூக்கினான். அடிக்காதே என்று தூக்கியதா, பொறு என்று தூக்கியதா, இல்லை, சிரிக்கப் போனானா, டாக்டர் காரைப் பார்த்துச் சிரித்த மாதிரி, ரெண்டு பேரும் ஒரே புத்தி அத்தான் என்று சொல்லப் போனானா…

இப்போது ஒன்றைத்தான் கழற்ற வேண்டும். பெட்டியை இறக்கி என் மூன்றாவது பல்லை எடுத்தாலும் லாரி போகும், இந்தக் கிரவுனைப் பழையபடி இடதுபக்கம் போட்டாலும் லாரி போகும். இரண்டும் ஒன்றுதான், இரும்புக்கு எல்லாம் ஒன்றுதான். பெட்டியை இறக்கினால் சந்தையில் போகிறவனெல்லாம் பார்ப்பான், மேஸ்திரியின் வேலையில் தப்பு என்று இரண்டு நாளில் நாகர்கோவில் வரைக்கும் தெரியும். கிரவுனைத் திருப்பினால்… பெட்டியை இறக்குவதுதான் முறை, மூன்று நாள் ராவியவன் வேலை நிற்கட்டும், அந்த அம்புக்குறி நிற்கட்டும், நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சொல்லலாம், உனக்க கிரவுன் அப்படியே இருக்கு என்று, கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, எந்தக் கையைப் பார்த்துக்கொண்டு சொல்வது? அப்படி நினைத்துக்கொண்டே இருந்தான், நினைத்தது நல்லதாக இருந்தது, நெஞ்சில் ஒரு இளக்கம்கூட வந்தது, அப்போதுதான் ஏதோ டங்கென்று சாக்கில் விழுந்த சத்தம் கேட்டு விளக்கைத் தூக்கிப் பார்த்தான். கிரவுனைப் பிடித்திருந்த போல்ட்டுகளில் மூன்று ஏற்கனவே சாக்கில் கிடந்தன. நான்காவதில் ஸ்பேனர் மாட்டியிருந்தது, ஸ்பேனரை அவனுடைய வலது கை பிடித்திருந்தது, பிடித்துத் திருப்பிக்கொண்டிருந்தது. எப்போது தொடங்கியது என்று அவனுக்குத் தெரியவில்லை. கையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான்.

வியாழக்கிழமை பகல் பதினொன்றரை மணிக்கு லாரி, புது முன்தண்டோடு, ஒன்றரை டன் மரச் சுமையோடு, களியல் பாதையின் செம்மண் மேட்டை ஒரே ஓட்டத்தில் ஏறியது. பெட்டி இறக்கப்படவில்லை. முன்னச்சில் கிரவுன் தப்பாக இருந்தது, மேஸ்திரி சரிசெய்தார் என்று மைதீன் கனி கேட்டவர்களுக்குச் சொன்னார். அதே நாள் செல்வதாஸின் வலது கை மணிக்கட்டுக்கு மேலே எடுக்கப்பட்டது. ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் காரணம் என்ற இடத்தில், மோட்டார் ஹேண்டில் திருப்பி அடித்தது, என்று இருந்தது. அதை மாற்றும்படி யாரும் கேட்கவில்லை.